மூன்று இரவுக்கு ஓர் அறை

பல்லினா, அயர்லாந்து
11 ஜனவரி 1998

அன்புள்ள லிஸ்பெத்,

உங்கள் கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. நீயும் என் தம்பி கார்மக்கும் சௌக்கியம்தானே? எனக்கு மழை வந்தால் முழங்கால் வலிக்கும். இந்த ஊரில் மழை எப்போது விட்டது, வலி எப்போது நின்றது!

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு பெர்னி முந்தாநாள் ஒரு விளம்பரக் காகிதத்தை ஆட்டிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி வந்தாள். "ஆம்ஸ்டர்டாமுக்கு பஸ் டிக்கெட் விலையில பிளேன் டிக்கெட் குடுக்கறாங்க நோரீன்! லூர்து மாதா கோயிலுக்குப் போனதத் தவிர நீ எங்க போன? கெளம்பு!" என்றாள். ஏப்ரல் கடைசியில் மூன்று இரவு. டிக்கெட் சரி, தங்குகிற இடத்துக்குப் பயண ஏஜெண்ட் சொன்ன விலையைக் கேட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் ஹார்லெமில், ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். சுத்தமாக, மலிவாக ஓர் அறை உனக்குத் தெரிந்திருந்தால் எழுது. மற்றபடி நீங்கள் சிரமப்பட வேண்டாம். அம்மாவின் அடக்கத்தில் பார்த்தது, ஆறு வருஷமாகிறது. கார்மக்கைப் பார்த்து ஒரு வாய் தேநீர் குடித்தால் எனக்குப் போதும்.

கடவுள் உங்களைக் காப்பாராக.

நோரீன்

*

ஹார்லெம்
20 ஜனவரி

அன்புள்ள நோரீன்,

நான் நலம். கார்மக் நலம், ஆனால் வீட்டில் இல்லை. தூர்வாரும் கப்பலோடு சிங்கப்பூருக்குப் போயிருக்கிறார். ஏப்ரல் இருபதாம் தேதி வாக்கில் வருவார். நீங்கள் வரும்போது இருப்பார். உங்கள் முழங்காலுக்கு மருத்துவரைப் பாருங்கள், மழையைத் திட்டிப் பயனில்லை.

நீங்கள் வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். எங்கள் வீட்டிலேயே தங்குங்கள். மேல்மாடியில் சாய்ந்த கூரைக்குக் கீழே ஓர் அறை சும்மா கிடக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் கால் மணி நேரம். இரண்டு கட்டில் போடலாம். செலவு கிடையாது. சம்மதமா? உடனே எழுதுங்கள். சுவருக்கு வர்ணம் அடிக்க வேண்டும்.

அன்புடன்,
லிஸ்பெத்

*

பல்லினா
1 பிப்ரவரி

அன்புள்ள லிஸ்பெத்,

நீ நல்லபடி இருப்பது தெரிந்து நிம்மதி. வீட்டில் தனியாக இருக்கிறாய், கதவை நன்றாகப் பூட்டிக்கொள்.

அடடா, உன் வீட்டில் தங்குவதா? அதெல்லாம் வேண்டவே வேண்டாம்! இரண்டு கிழவிகள் வந்து விழுந்து உன் வீட்டைத் தலைகீழாக்கவா? கனவில்கூட நினைக்க மாட்டேன். பெர்னி விடுகிற குறட்டைக்கு எங்கள் தெருவில் நாய் குரைக்கும். உனக்கு எதற்கு அந்தத் தொல்லை? ஏதாவது மூலையில் ஓர் அறை இருந்தால் போதும் எங்களுக்கு.

நீ கேட்டதே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நோரீன்

*

பல்லினா
1 பிப்ரவரி

என் தம்பி கார்மக்,

கப்பலில் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா? குளிர் இல்லாத ஊரில் இருக்கிறாய் என்பதால் உள்சட்டை போடாமல் திரியாதே. இந்தக் கடிதம் உன் கம்பெனி ஆபீசுக்குப் போய், மூட்டையில் ஏறி, உன் கைக்கு எப்போது வருமோ தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

லிஸ்பெத் உங்கள் வீட்டில் தங்கச் சொல்லி எழுதியிருக்கிறாள்! கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். முறைப்படி வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இப்போது அவள் மறுபடி கேட்பாள். நான் மறுபடி வேண்டாம் என்பேன். மூன்றாவது தடவை, "சரி, உனக்குத் தொந்தரவு இல்லையென்றால்" என்று எழுதுவேன். வாசகத்தைக்கூட யோசித்து வைத்துவிட்டேன்.

அம்மா அடக்கத்தின்போது நீங்கள் இருவரும் என் வீட்டில் தங்காமல் பாலத்தடி விடுதிக்குப் போனீர்கள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் மாட்டேன். ஆனால் உங்களுக்காகப் புது விரிப்பு வாங்கிப் போட்டு வைத்திருந்தேன் கார்மக். அந்தக் கட்டிலில் அன்றிரவு நானே போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் பூசையில் ஊரே கேட்டது, "தம்பி உன் வீட்ல தங்கலயா?" என்று.

ஆம்ஸ்டர்டாம் யாருக்கு வேண்டும்? எனக்கு உன் வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பெர்னியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பத்திரமாக இரு.

அக்கா

*

ஹார்லெம்
16 பிப்ரவரி

அன்புள்ள நோரீன்,

உங்கள் பதில் தெளிவாக இருந்தது. நன்றி. நான் நலம். கதவைப் பூட்டுகிறேன்.

இரண்டு சனிக்கிழமை சைக்கிளில் போய் இடங்களைப் பார்த்தேன். எல்லாக் கட்டிலிலும் படுத்துப் பார்த்தேன். ஒரு விடுதிக்காரர், "அம்மா, நீங்க வாங்கப் போறது கட்டில் இல்ல, ராத்திரி தங்கப் போறீங்க, அவ்வளவுதான்" என்றார். "தங்கப் போறது நான் இல்ல, என் வீட்டுக்காரரோட அக்கா. அதனாலதான் இவ்வளவு நேரம் படுத்துப் பாக்கறேன்" என்றேன்.

கால்வாயில் நிற்கும் படகு ஒன்றில் அறை இருக்கிறது. சுத்தம், மலிவு, லேசாக ஆடும். பாலாடைக் கட்டி விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை, இன்னும் மலிவு. படி ஏணி மாதிரி, கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லம் ஒன்று, பத்து மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். எல்லாவற்றிலும் மலிவு பழைய தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அறை. ஏன் மலிவு என்பதை மறைக்க மாட்டேன். பக்கத்து ஜன்னல்களில் பெண்கள் நின்று வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்கள். மற்றபடி அமைதியான அக்கம்பக்கம்.

எது வேண்டும் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
லிஸ்பெத்

*

பல்லினா
27 பிப்ரவரி

அன்புள்ள லிஸ்பெத்,

எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், மற்றபடி குறையில்லை. மழையில் சைக்கிளில் அலைந்திருக்கிறாயே பெண்ணே, உனக்குக் காய்ச்சல் வரவில்லையே?

படகு நல்ல யோசனைதான், ஆனால் எனக்குக் குளியல் தொட்டியில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். பாலாடைக் கடை என்றால் ஊருக்குத் திரும்பியும் கோட்டு நாறும். கன்னியாஸ்திரீகள் பெயரைச் சொன்னதும் பெர்னி, "ஸ்கூல்ல பட்டது போதும், காசு குடுத்து வேற படணுமா?" என்கிறாள். தேவாலயத்துப் பின்பக்கம் பற்றி நான் சாமியாரிடம் சொல்லவில்லை. பெர்னிதான் அங்கேயே போகலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், அவளை அடக்கி வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுப் பக்கத்தில் ஏதாவது இருக்குமா? ரொம்பப் பக்கத்தில்? உங்கள் மேல்மாடிக்கு வர்ணம் அடித்தாயிற்றா என்று சும்மா கேட்கிறேன்.

நோரீன்

*

ஹார்லெம்
9 மார்ச்

என் கார்மக்,

நான் நலம். சமையலறைக் குழாய் ஒழுகியது, சரி செய்துவிட்டேன்.

உன் அக்கா வருவது பற்றி எழுதியிருந்தேன். நம் வீட்டில் தங்கச் சொன்னேன். "கனவில்கூட நினைக்க மாட்டேன்" என்று பதில் வந்தது. கனவில்கூட! அந்தக் கடிதம் வருவதற்குள் நான் மேல்மாடிக்கு மஞ்சள் வர்ணம் அடித்துவிட்டேன். பழைய கட்டில் இரண்டு வாங்கி, மாடிப்படியில் ஏறாது என்று ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றினேன். தெருவே வந்து உதவியது.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஒருவர் சொன்ன பிறகு மறுபடி மறுபடி கேட்பது மரியாதை இல்லை. அடக்கத்தின்போதும், "உங்க வீட்ல தங்கலாமா?" என்று நான்தான் கேட்டேன். "சின்ன வீடும்மா, உங்களுக்கு வசதிப்படாது" என்றாள். அதனால்தான் விடுதிக்குப் போனோம். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை கார்மக். நான் எங்கே தவறினேன் என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன்.

நான் பார்த்த எல்லா இடத்திலும் குறை சொல்கிறாள். நம் தெரு முனையில் ஒரு விடுதி திறந்திருக்கிறார்கள், அங்கே இன்று முன்பணம் கட்டி அவளுக்கும் எழுதிவிட்டேன். மேலே அறைக் கதவைச் சாத்திவிட்டேன். மஞ்சள் வர்ணத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சீக்கிரம் வா.

உன் லிஸ்பெத்

*

பல்லினா
20 மார்ச்

அன்புள்ள லிஸ்பெத்,

உன் கடிதமும் விடுதியின் படமும் வந்தன. நல்ல இடம். குறை ஒன்றும் இல்லை. உன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறாய், அதுவும் நல்லதுதான்.

என் முழங்கால் இந்த மாதம் சொன்னபடி கேட்கவில்லை. நான் வராமலிருப்பதே நல்லது என்று தோன்றுகிறது. என் டிக்கெட்டில் பெர்னியின் மகள் வரட்டும். அந்தப் பெண்ணுக்கு விடுதி பிடிக்கும். உன்னை இத்தனை அலைய விட்டதற்கு மன்னித்துக்கொள்.

கார்மக் வந்ததும் அக்கா கேட்டாள் என்று சொல்.

நோரீன்

*

கப்பலிலிருந்து, சிங்கப்பூர்
28 மார்ச்

நோரீன் அக்காவுக்கும் லிஸ்பெத்துக்கும்,

ஒரே கடிதத்தை இரண்டு தடவை எழுதி இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன். கை வலிக்கிறது. அது உங்களால்தான்.

அடிப்பாவிகளா! தபால் மூட்டை நேற்றுத்தான் வந்தது. இரண்டு பேர் கடிதங்களையும் அடுத்தடுத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் சமையல்காரன் கரண்டியோடு ஓடி வந்தான். லிஸ்பெத்தின் மஞ்சள் வர்ணத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா, கேட்டுக்கொள். லிஸ்பெத் பிறந்த ஹாலந்தில் ஒரு தடவைதான் கேட்பார்கள். மனசில் இருந்தால்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் நம்பிவிடுவார்கள். நீ "கனவில்கூட" என்று எழுதியபோது அவள் உனக்காகக் கட்டிலைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றி முடித்திருந்தாள்.

லிஸ்பெத், நீயும் கேள். எங்கள் ஊரில் முதல் "வேண்டாம்" என்பது "வணக்கம்" மாதிரி. இரண்டாவது "வேண்டாம்" என்றால் "இன்னொரு தடவை கேளு" என்று அர்த்தம். மூன்றாவது தடவை கேட்டால்தான் உள்ளே வருவார்கள். சின்ன வீடு, வசதிப்படாது என்று அக்கா சொன்னபோது உள்ளே புது விரிப்புப் போட்ட கட்டில் காத்திருந்தது. நாம் விடுதிக்குப் போனதும் அவளே அதில் படுத்தாளாம். அக்கா அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மாவைப் புதைத்த மண் காலணியில் ஒட்டியிருந்தது, யார் என்ன பேசினார்கள் என்றே என் காதில் ஏறவில்லை.

ஆறு வருஷம்! இரண்டு பேரும் கட்டிலைப் போட்டு வைத்துக்கொண்டு, மற்றவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் கடலடி மண்ணை அள்ளிக் கரை கட்டுகிறேன். அது சுலபம்.

இருபதாம் தேதி வருகிறேன். அதற்குள் ஒழுங்காகப் பேசி முடியுங்கள்.

கார்மக்

*

ஹார்லெம்
7 ஏப்ரல்

அன்புள்ள நோரீன்,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நிஜமான முழங்காலைக் கேட்கிறேன்.

கார்மக்கின் கடிதம் இன்று வந்தது. இப்போதுதான் எனக்கு ஒன்று புரிகிறது. அடக்கத்தன்று உங்கள் ஊரில் நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எல்லோரும் என் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஊரில் ஒருவருக்கும் காது கேட்காது என்று நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு தடவை கேட்டேன். ஆகவே இது இரண்டாவது தடவை: எங்கள் வீட்டில் தங்குங்கள்.

(நீங்கள் வேண்டாம் என்று சொல்வதற்காக இங்கே இடம் விடுகிறேன்.)



இது மூன்றாவது தடவை: எங்கள் வீட்டில் தங்குங்கள். தயவுசெய்து.

விடுதிக்காரரிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "குடும்பச் சண்டையா?" என்று கேட்டார். "சண்டை இல்ல, ரொம்ப மரியாதை. அதனால வந்த வினை" என்றேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நல்ல மனிதர்.

மேல்மாடிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

லிஸ்பெத்

*

பல்லினா
7 ஏப்ரல்

அன்புள்ள லிஸ்பெத்,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். ஆமாம். உன் வீட்டில் தங்க வருகிறேன். தங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

எழுதிவிட்டேன். அறுபது வயது வரப்போகிறது, இப்படி ஒரு வரியை யாருக்கும் எழுதியதில்லை. இதைப் படித்த பெர்னி, "இவ்வளவு அப்பட்டமாவா? ஒரு 'உனக்குத் தொந்தரவு இல்லன்னா'கூடப் போடலயே! வெக்கமா இல்ல?" என்றாள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வரியை அடிக்கப் போவதில்லை.

கார்மக்கின் கடிதம் இன்று காலை வந்தது. நீ மறுபடி கேட்டு எழுதுவாய் என்று காத்திருக்க வேண்டாம் என்று இன்றே இதைத் தபாலில் போடுகிறேன். விடுதி அறை ரத்தாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை, நான் உன் வாசலில் வந்து நிற்பேன். பெர்னியின் மகளிடமிருந்து டிக்கெட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

என்னை உனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் ஆறு வருஷமாக நினைத்திருந்தேன். நீயும் அப்படியே நினைத்திருக்கிறாய். நல்ல ஜோடி நாம். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

நோரீன்

*

பல்லினா
4 மே

என் லிஸ்பெத்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி? தூக்கம் திரும்பி வந்ததா? நீ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு காலையில் இறங்கி வந்த கோலத்தைப் பெர்னி இங்கே ஊரெல்லாம் நடித்துக் காட்டுகிறாள்.

காபியோடு நீ பிஸ்கட் டப்பாவை நீட்டியதும் முதல் நாள் நான் பழக்கதோஷத்தில் வேண்டாம் என்றேன், நீ டக்கென்று மூடியைப் போட்டுவிட்டாய். பெர்னி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நீ டப்பாவை எடுக்கும் முன்பே இரண்டு பேரும் "வேணும், வேணும்!" என்று கத்தினோமே, கார்மக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஒன்று மட்டும் அங்கே சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். முதல் நாள் விடியலில் விழித்தேன். மஞ்சள் சுவரில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கீழே கார்மக் இருமினான். சின்ன வயசில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்ட அதே இருமல். அம்மா போன பிறகு ஒரே கூரைக்குக் கீழே நாங்கள் இருவரும் கண் விழித்தது அன்றுதான். போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பெர்னியின் குறட்டையில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஆகஸ்டில் கார்மக்குக்குக் கப்பல் இல்லை என்றாய். இரண்டு பேரும் இங்கே வாருங்கள், என் வீட்டில் தங்குங்கள். உங்கள் ஊர் முறைப்படி ஒரே தடவைதான் கேட்பேன். கட்டிலில் விரிப்பு போட்டாயிற்று.

அன்போடு,
நோரீன்

*

ஹார்லெம்
13 மே

அன்புள்ள நோரீன்,

நாங்கள் இருவரும் நலம். கார்மக்கின் இருமலுக்கு மருந்து வாங்கினேன், உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு கொடுக்க மனம் வரவில்லை.

உங்கள் வீட்டில் தங்குவதா? அதெல்லாம் வேண்டவே வேண்டாம்! நாங்கள் வந்து விழுந்து உங்கள் வீட்டைத் தலைகீழாக்கவா? கனவில்கூட நினைக்க மாட்டோம். ஏதாவது மூலையில் ஓர் அறை இருந்தால் போதும்.

எழுதிவிட்டேன். மனசில் இல்லாததை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

சீக்கிரம் மறுபடி கேளுங்கள் நோரீன். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.

லிஸ்பெத்